600 சதுர அடி, 5 பங்கு: வடசென்னை வீடுகளில் பாகப்பிரிவினை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீடு. முகப்பு 12 அடி, ஆழம் 50 அடி. மொத்தம் 600 சதுர அடி, அதாவது கால் கிரவுண்ட். உள்ளே நுழைந்ததும் இடது சுவரில் வரிசையாக நாலு கரண்ட் மீட்டர். பச்சை பெயிண்டில் ஒன்றின் மேல் "பெரியவர்", ஒன்றின் மேல் "மாடி", ஒன்றின் மேல் "அம்மா" என்று எழுதியிருக்கும். அந்த அம்மா தவறிப் பல வருடம் ஆகிறது. மீட்டர் மட்டும் இன்னும் அவர் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய நடை, கடைசியில் அடிபம்பும் கழிப்பறையும், மாடிக்கு ஏற ஒரே ஒரு இரும்புப் படி. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளோடு ஒட்டியவை.

இந்த வீட்டை ஐந்து பிள்ளைகள் பாகம் பிரிக்க வேண்டும். ஆட்களை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். ஆனால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் படித்தால் "இது நம்ம வீட்டுக் கதைதானே" என்று நினைக்கக்கூடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்த பிறகு, அதுவரை யாரும் விலை கேட்காத சந்துகளில்கூட புரோக்கர்கள் வந்து நின்றார்கள். முப்பது வருடம் யாரும் வாய் திறக்காத பேச்சு அப்போதுதான் கிளம்பியது.

பாகம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எனக்கு எந்த ரூம்?" என்பதைத்தான். சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சட்டம் அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் வருகிறது. இது எப்படி வந்த சொத்து, இதில் யார் யாருக்கு எவ்வளவு என்ற இரண்டும் முடிவான பிறகே எந்த ரூம் என்ற பேச்சு. இந்த வரிசையை மாற்றிப் பேசியதால் முறிந்த உறவுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பூர்வீகமா, சம்பாதித்ததா

இந்த வீட்டுப் பெரியவர் பெரம்பூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்து, 1962-ல் தன் பணத்தில் இந்த மனையை வாங்கினார். அப்படியானால் இது அவருடைய சுயசம்பாத்தியம். உயிருடன் இருந்தவரை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைத்திருக்கலாம். அவர் உயில் எதுவும் எழுதாமல் 1994-ல் இறந்தார். அந்த நிமிடத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 உள்ளே வந்துவிட்டது. மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாயார் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு.

"தாத்தா சொத்து என்றால் பேரனுக்குப் பிறப்புரிமை" என்று நம் ஊரில் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. இந்த வீட்டிலும் மூத்தவரின் மகன் அப்படிச் சொல்லி ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அது செல்லாது. தந்தை தானாகச் சம்பாதித்த சொத்து 1956 சட்டத்தின் 8-ஆம் பிரிவு வழியாக மகனுக்கு வந்தால், அது மகனுடைய தனிச் சொத்து என்று 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகன் உயிருடன் இருக்கும்வரை பேரன் அதில் பங்கு கேட்க முடியாது. உண்மையான பூர்வீகச் சொத்து வேறு. தலைமுறை தலைமுறையாகக் கூட்டுக் குடும்பமாகவே அனுபவித்து, நடுவில் பிரியாமல் வந்ததுதான் அது. அதில் மட்டுமே பிறந்ததும் பங்கு பிறக்கும். கிராமத்து நிலங்களில் இது இன்னும் உண்டு. மில், துறைமுகம், ரயில்வே சம்பளத்தில் வாங்கிய வடசென்னை மனைகளில் இது மிகக் குறைவு.

பெண்களின் பங்கைப் பற்றியும் இதே குழப்பம்தான். "2005-க்கு அப்புறம்தானே பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பங்கு?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். தந்தை சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. திருமணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே அங்கே இல்லை. பூர்வீகச் சொத்தில்தான் மாற்றம் பிறகு வந்தது. தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு மகனைப் போலவே உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைத் தந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருடம் நீதிமன்றங்களில் அடித்துக்கொண்டார்கள். 2020 ஆகஸ்டில் வினீதா ஷர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பாணை மூலமோ பாகம் முடிந்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது. "வாய்மொழியாக அப்போதே பிரித்துக்கொண்டோம்" என்று சொல்வதை அந்தத் தீர்ப்பு எளிதில் ஏற்பதில்லை.

பெண்கள் இத்தனை காலம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் சட்டத்திலேயே இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய 23-ஆம் பிரிவின்படி, குடும்பம் வசிக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவு செய்யும்வரை அவர் பாகம் கேட்கக் கூடாது. பங்கு உண்டு, கேட்க முடியாது! 2005 திருத்தம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. "இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்து கேட்கிறாளே" என்று தங்கையைப் பேசுகிற அண்ணன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு

பெரியவர் இறந்தபோது இருந்தவர்கள்: மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ஆறு பேருக்கும் ஆறில் ஒரு பங்கு, ஆளுக்கு 100 சதுர அடி. 2006-ல் அம்மாவும் இறந்தார். அவருடைய 100 சதுர அடி ஐந்து பிள்ளைகளுக்கும் 20, 20 ஆகப் போனது. இப்போது ஆளுக்கு 120. நடு மகன் 2015-ல் இறந்தார். அவருடைய 120 சதுர அடி அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்ந்து போகிறது. ஆளுக்கு 40 சதுர அடி. ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் தீர்ந்துபோகும் இடம்.

இதில் யார் முதலில் இறந்தார் என்பது கணக்கையே மாற்றும். நடு மகன் 2015-ல் இல்லாமல், அம்மா இருக்கும்போதே 2000-ல் இறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? (இரண்டு பிள்ளைகளும் அப்போதே பிறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.) அவருடைய 100 சதுர அடி அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேருக்கு 25, 25 ஆகப் பிரிந்திருக்கும். அம்மாவின் கையில் 125. அவர் 2006-ல் இறந்தபோது அந்த 125, ஐந்து கிளைகளுக்கு 25, 25 ஆகப் போயிருக்கும். நடு மகன் கிளைக்கு வரும் அந்த 25 அவருடைய பிள்ளைகளுக்கு மட்டும். ஒரு பெண்ணின் சொத்தில், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் வாரிசு; அந்த மகனின் மனைவி வாரிசு கிடையாது. இப்படிப் பார்த்தால் மற்ற நால்வருக்கும் தலா 125 சதுர அடி, நடு மகன் வீட்டுக்கு மொத்தமே 100. அதில் மருமகளுக்கு 25. அதனால்தான் எல்லோருடைய இறப்புச் சான்றிதழையும் தேதி வாரியாக மேசைமேல் வைத்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்கிறேன். தாசில்தார் ஆபீசில் வாங்கும் வாரிசு சான்றிதழ் வாரிசுகள் யார் என்றுதான் சொல்லும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை அது சொல்லாது.

அப்புறம், நம் ஊரின் ஒரு விசேஷம். ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கு மூன்று சட்டம் ஓடும். இதே குடும்பம் ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்திருந்தால், 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, அதாவது 200 சதுர அடி. மீதி 400, மகன் மகள் வித்தியாசம் இல்லாமல் ஐந்து பிள்ளைகளுக்கும் 80, 80. முஸ்லிம் குடும்பமாக இருந்திருந்தால், பெரியவரின் பெற்றோர் முன்பே இறந்துவிட்ட நிலையில், மனைவிக்கு எட்டில் ஒன்று, 75 சதுர அடி. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம். ஆக ஒவ்வொரு மகனுக்கும் சுமார் 131, ஒவ்வொரு மகளுக்கும் சுமார் 66. இந்த இரண்டு சட்டத்திலும் பிறப்புரிமை என்ற பேச்சே கிடையாது. இறந்தவர் எந்தச் சமயத்தவரோ அந்தச் சட்டம்தான். பக்கத்து வீட்டில் பிரித்த கணக்கை நம் வீட்டில் போட முடியாது.

இரண்டாவது குடும்பம் இருந்தால் அதையும் மறைக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் மனைவி இருக்கும்போது நடந்த திருமணம் செல்லாது என்பதால் அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற பங்கு வராது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பங்கில் உரிமை உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில்கூட, தகப்பனுக்குச் சேர வேண்டிய பாகத்தில் அவர்களுக்கும் பங்கு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் அவர்களைக் கட்டாது.

கூர்சீட்டும் கையெழுத்தும்

1998-ல் இந்த வீட்டு அண்ணன் தம்பிகள் மூவரும் தெருப் பெரியவர்களை வைத்து ஒரு கூர்சீட்டு எழுதினார்கள். இருபது ரூபாய் பத்திரத்தில், முன்பக்கம் மூத்தவருக்கு, பின்பக்கம் நடுவருக்கு, மாடி சின்னவருக்கு என்று. கீழே மூன்று கையெழுத்து, இரண்டு சாட்சி. தங்கைகள் பெயரே அதில் இல்லை. "கல்யாணத்துக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாச்சே" என்பது காரணம்.

இந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இருபத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தார்கள். அசையாச் சொத்தை அன்றைய தேதியில் பிரித்துக் கொடுக்கிற பத்திரம் என்றால், 1908 பதிவுச் சட்டப்படி அது பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத சீட்டை வைத்து அந்தப் பங்கு தனக்கு உரிமையானது என்று நிரூபிக்க முடியாது. முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காகப் பின்னால் எழுதி வைத்த குறிப்பு என்றால் மட்டும் பதிவு கட்டாயமில்லை. ஆனால் "இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வரி அந்தச் சீட்டிலேயே இருந்தது. அதற்கும் மேலாக, இரண்டு பங்குதாரர்கள் அதில் இல்லவே இல்லை. போட்ட நகையும் செய்த சீரும் பாசத்துக்குச் செய்தவை. சட்டம் அதைப் பங்குக்கு ஈடாக எடுத்துக்கொள்ளாது. மகள் தன் பங்கை விட வேண்டுமென்றால், அவர் மனமறிந்து எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

இரண்டாவது தங்கை இது பற்றிச் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. "எனக்கு வீடு வேணாம்ணா. நீங்களே இருங்க. ஆனா அப்பா வீட்ல எனக்கு ஒண்ணுமே இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதி, என்னைக் கூப்பிடாமலே நீங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டீங்களே, அதுதான் ஆறல." நிறைய வீடுகளில் பங்குச் சண்டை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பேச்சின் முதல் நாளிலேயே அவரையும் பாயில் உட்கார வைத்திருந்தால் பாதி வழக்கு கோர்ட் வாசலுக்கே போயிருக்காது.

எல்லோரும் ஒத்துப்போனால் பதிவுச் செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்புகளை முறையே 25,000-லிருந்து 40,000 ரூபாயாகவும், 4,000-லிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். விடுதலைப் பத்திரத்துக்கும் செட்டில்மெண்டுக்கும் இதே கணக்குதான். "குடும்பம்" என்ற சொல்லுக்குள் வராதவர் ஒருவர் சேர்ந்தால் தீர்வை ஏறும். பங்குதாரர்களில் யாராவது தூரத்து உறவாக இருந்தால், எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கோர்ட்டுக்குப் போனால்

ஒத்துப்போகவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு. மதிப்பைப் பொறுத்துப் பாரிமுனையில் சிட்டி சிவில் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ நடக்கும். பங்குதாரர் எல்லோரையும் சேர்க்க வேண்டும், குடும்பத்தின் எல்லாச் சொத்தையும் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டாலும் வழக்கு நொண்டும்.

கோர்ட் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. கூட்டு அனுபவத்தில் இருக்கும் பங்குதாரர் வழக்குப் போட்டால் சிறிய, நிலையான கட்டணம் போதும். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டும். 2017 வரை அது 7.5 சதவீதமாக இருந்தது. திருமணமாகி எண்ணூருக்குப் போய்விட்ட மகள் அந்த வீட்டில் வசிக்காததாலேயே விலக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார். ஒரு பங்குதாரரின் அனுபவம் எல்லாப் பங்குதாரர்களுக்காகவும்தான் என்பது பழைய விதி. "உனக்குப் பங்கே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து, அது அவருக்கும் தெரிந்து, 12 வருடம் ஓடினால்தான் காலக்கெடு என்ற சிக்கல் வரும். அப்படி ஒரு பதில் நோட்டீஸ் வந்தால் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

வழக்கில் இரண்டு கட்டம். முதலில் பூர்வாங்கத் தீர்ப்பாணை: யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் அது சொல்லும். பிறகு இறுதித் தீர்ப்பாணை: எந்த இடம் யாருக்கு என்று. இரண்டுக்கும் நடுவில் கோர்ட் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு வந்து டேப் பிடித்து அளப்பார். முதல் தீர்ப்பு வந்ததுமே ஜெயித்துவிட்டோம் என்று இனிப்பு கொடுத்துவிட்டு, இரண்டாவதற்கு மனுப் போடாமலே பத்து வருடம் தூங்கிய குடும்பங்கள் உண்டு. பூர்வாங்கத் தீர்ப்பு வந்ததும் புது மனுவுக்குக் காத்திருக்காமல் கோர்ட்டே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதனால்தான்.

கமிஷனர் நம் வீட்டுக்கு வந்தால் என்ன அளப்பார்? 12 அடி அகலத்தை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 2 அடி 5 அங்குலத்துக்கும் குறைவு. குறுக்கே வெட்டினால் ஆளுக்கு 10 அடி ஆழம், ஆனால் பின்னால் இருப்பவருக்கு நடை விட வேண்டும், படிக்கட்டு பொது, கழிப்பறை பொது. வீடு ஒன்றும் கேக் இல்லை. வடசென்னைப் பாகப்பிரிவினையின் உண்மையான சிக்கல் இதுதான். பங்கு காகிதத்தில் பிரியும், செங்கல்லில் பிரியாது.

இதற்கென்றே 1893-ல் எழுதிய பாகப்பிரிவினைச் சட்டம் ஒன்று இன்னும் நடப்பில் இருக்கிறது. மொத்தம் பத்துப் பிரிவுகள்தான். வடசென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் என்று நான் நினைக்கிறேன். சொத்தை நியாயமாகப் பிரிக்க முடியாது, விற்றுப் பணமாகப் பிரிப்பதே எல்லோருக்கும் நல்லது என்று தெரிந்தால், பாதிப் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டால், கோர்ட் விற்க உத்தரவிடலாம். அப்படி ஒருவர் விற்கச் சொல்லிக் கேட்டதும், மற்ற பங்குதாரர் யாராவது "அவர் பங்கை நானே மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்று 3-ஆம் பிரிவில் கேட்கலாம். அப்போது கோர்ட் மதிப்புப் போட்டு அவருக்கே தர வேண்டும். இரண்டு பேர் போட்டியிட்டால், மதிப்புக்கு மேல் அதிகம் தருபவருக்கு. அந்த வீட்டிலேயே பிறந்து, அங்கேயே இருக்க ஆசைப்படும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய துணை வேறெந்தச் சட்டத்திலும் இல்லை.

4-ஆம் பிரிவு வெளியாட்களுக்கானது. வறுமையில் இருக்கும் ஒரு பங்குதாரரைத் தேடிப்பிடித்து, அவருடைய பிரிபடாத பங்கை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டில் வந்து உட்கார்ந்து மற்றவர்களை நெருக்குகிற வேலை நம் பக்கம் நடக்கிறது. குடும்பம் பிரியாமல் வசிக்கும் வீட்டில் அப்படி வாங்கியவருக்கு உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் செய்யக்கூடியது பாக வழக்குப் போடுவதுதான். போட்டால், அவர் வாங்கிய பங்கைச் சந்தை மதிப்பு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள குடும்பத்தில் ஒருவர் கோர்ட்டில் கேட்கலாம். விற்பதற்கு முன்பாகவே உடன் வாரிசுகளுக்கு முதல் உரிமை தரும் 22-ஆம் பிரிவும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மிரட்டிக்கொண்டு யாராவது வாசலில் நின்றால் இந்த மூன்று பிரிவுகளையும் வக்கீலிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

மனை யாருடையது

பங்கு பேசுவதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் கட்டடம் மட்டும்தான் குடும்பத்துடையது. அடிமனை கோயிலுடையதாகவோ ஒரு டிரஸ்டுடையதாகவோ இருக்கும். மாதமோ வருடமோ வாடகை கட்டி ரசீது வாங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே பிள்ளைகள் பிரித்துக்கொள்வது கட்டடத்தையும் வாடகைதாரர் உரிமையையும் மட்டும். 1921-ன் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், கட்டடம் கட்டிக்கொண்டவர் அடிமனையை வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. ஆனால் கோயில், மசூதி, தேவாலயம் போன்ற சமய நிறுவனங்களின் நிலங்களை 1996 திருத்தம் அதிலிருந்து விலக்கிவிட்டது. வாரிய ஒதுக்கீட்டு வீடு, புறம்போக்கில் கட்டிய வீடு இவையும் தனிக் கணக்கு. முதலில் 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டு, மூலப்பத்திரத்தைத் தூசி தட்டிப் படித்துப் பாருங்கள். மனை தங்களுடையது இல்லை என்று பாகம் பேசப்போகும் நாளில்தான் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வீட்டுக் கதையில் வழக்கு ஓரளவுக்கு நகர்ந்தது. பிறகு சமரசத்துக்கு அனுப்பினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதலே சமரச மையம் இருக்கிறது. அங்கே பேசி முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் அதே சலுகை உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மேசைக்கு வந்த முடிவு இது. மாடியில் இருந்த சின்னவர் முழு வீட்டையும் எடுத்துக்கொள்வது, மற்ற நாலு கிளைக்கும் பணம். இரண்டு மதிப்பீட்டாளர்களை வைத்து விலை பார்த்து, நடுவில் ஒரு தொகைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். மூத்தவர் தன் சொந்தச் செலவில் தளம் போட்ட ரசீதுகளை எடுத்துவந்தார். அதற்கும் ஒரு தொகை ஒதுக்கினார்கள். பங்குதாரர் ஒருவர் செலவழித்து மேம்படுத்தியிருந்தால் பிரிக்கும்போது கோர்ட்டும் அதைக் கவனிக்கும். சின்னவர் பேங்க் லோன் போட்டார். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் டி.டி.யும் ஒரே நாளில், சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கைமாற வேண்டும் என்று சின்னத் தங்கை சொன்னார். மிகச் சரியான பேச்சு. "கையெழுத்துப் போடும்மா, பணம் அடுத்த மாசம்" என்பதில்தான் எத்தனையோ தங்கைகள் ஏமாந்தார்கள்.

ஒரு தடங்கல் இருந்தது. நடு மகனின் இரண்டாவது பிள்ளைக்கு 16 வயது. அம்மா காப்பாளராகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மைனரின் தனிப் பங்கை விட்டுக்கொடுக்க, 1956-ன் மைனர், காப்பாளர் சட்டப்படி கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் எழுதினால், அந்தப் பையன் 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். பேங்க்காரர்களும் அதைக் காட்டித்தான் லோனை நிறுத்தி வைத்தார்கள். மனுப் போட்டு அனுமதி வாங்கி, அவன் பங்குப் பணத்தை அவன் பெயரிலேயே டெபாசிட்டில் போட ஆறேழு மாதம் ஆனது.

பதிவு முடிந்ததும் பட்டா மாற்றம், மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றம், மீட்டர் பெயர் மாற்றம் என்று சின்னவர் ஒரு மாதம் அலைந்தார். அசல் பத்திரங்கள் எல்லாம் பேங்க்குக்குப் போய்விட்டன. போவதற்கு முன்னால் மூத்த தங்கை கேட்டது ஒன்றே ஒன்று. அப்பா பெயர் எழுதியிருக்கும் அந்த 1962 கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்துக்கு ஒரு கலர் ஜெராக்ஸ்.